வழுவும் வழுவமைதியும்: லினக்ஸைத் துப்புரவாக்கியவர்களின் வரலாறு

ஆவணம் தொடங்கிய நாளில்தான் வரலாறும் தொடங்கியது என்று நம்பிவிடக் கூடாது. முதலாம் வருசத்திலேயே எங்களுக்குச் சொல்லித்தந்த பாடம் இது. பரீட்சையில் எழுதிப் புள்ளியும் எடுத்தோம். ஆனால் அது உண்மையில என்ன எண்டு விளங்கினது, கொம்பியூட்டர் படிக்கிற கூட்டாளி ஒருத்தர் காட்டின ஒரு பதிவேட்டைப் பார்த்த பிறகுதான்.

லினக்ஸ் இயங்குதளத்தின் மாற்றப் பதிவேடு அது. 2005 ஏப்ரல் 16 அன்று லினஸ் டோர்வால்ட்ஸ், தான் அப்போதுதான் எழுதத் தொடங்கியிருந்த ‘கிட்’ என்ற கருவிக்குள் லினக்ஸின் மூல நிரல் முழுவதையும் ஒரே பதிவாகப் போட்டார். பழைய வரலாறு கையில் இருந்தும் அதை இதற்குள் கொண்டுவர மினக்கெடவில்லை என்று அந்தப் பதிவிலேயே குறித்தும் வைத்தார். அன்றிலிருந்து லினக்ஸில் நடந்த ஒவ்வொரு மாற்றமும் யார் செய்தது, எப்போது, ஏன் என்ற விபரங்களோடு அங்கே இருக்கிறது.

ஒரு வழுவைத் திருத்துகிறவர்கள் இப்போது வழமையாக ஒரு வரி சேர்ப்பார்கள்: ‘இன்ன மாற்றத்தோடு உள்ளே வந்த பிழையை இது திருத்துகிறது.’ அப்படியான வரிகளில் கனக்க, வேறெந்த மாற்றத்தையும் காட்டாமல் அந்த 2005 ஏப்ரல் 16 பதிவையே காட்டுகின்றன. அந்த ஒரு நாளில் டோர்வால்ட்ஸ் அவ்வளவு பிழையையும் விட்டார் என்று இதற்கு அர்த்தமில்லை. ஏடு திறக்கிறதுக்கு முன்னமே பிழை இருந்தது, எவர் எப்போது விட்டார் எண்டு இந்த ஏட்டுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

கலைப்பீடத்தில் இருக்கிற எங்களுக்கு இதில் என்ன வேலை என்று கேட்பீர்கள். குளம் கட்டினவர் பெயர் நிற்கும். மழைக்கு முன்னம் கட்டில் மண் போட்டவர் பெயர் நில்லாது. கணினியின் வரலாறும் இதுவரை கட்டினவர்களின் வரலாறாகத்தான் எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் லினக்ஸில் ஒரு விசித்திரம், மண் போட்டவர்களின் பெயரும் திகதியோடு பதிவாகியிருக்கிறது. அதைத் திறந்து வாசிக்கிற ஆட்கள்தான் குறைவு. நாங்கள் ஒரே ஒரு வகைப் பிழையை மட்டும் பிடித்துக்கொண்டு அந்த வரலாற்றுக்குள் போய்ப் பார்த்தோம். அது நினைவக ஒதுக்கீட்டு வழு.

ஒரு விடுதியும் ஒரு வார்டனும்

முதலில் கேர்னல் என்றால் என்ன? (கேணல் இல்லை, கேர்னல்.) இயங்குதளத்தின் நடுப்பகுதி அது. உங்கட அன்ட்ரொயிட் போனுக்குள் இருப்பதும் லினக்ஸ் கேர்னல்தான். திரை, கமரா, வைஃபை, கோப்புகள் என்று எல்லாவற்றுக்கும் நடுவில் நின்று பங்கு பிரித்துக் கொடுப்பது அதன் வேலை. அது பங்கிடுகிற பொருட்களில் முக்கியமானது நினைவகம்.

நினைவகத்தை ஒரு பல்கலைக்கழக விடுதி என்று நினையுங்கள். அறைகள் எண்ணிக்கையானவை. கேட்கிறவர்கள் கூட. வார்டனிடம் கேட்டு அறை எடுக்கவேண்டும், வேலை முடிய திறப்பைத் திருப்பிக் கொடுக்கவேண்டும். லினக்ஸ் கேர்னலுக்குள் அறை கேட்கிற கட்டளைக்கு ‘கே-மெலொக்’ என்றும், திருப்பிக் கொடுக்கிற கட்டளைக்கு ‘கே-ஃப்ரீ’ என்றும் பெயர். கேட்பதும் கொடுப்பதும் இவ்வளவு லேசு. பிழை விடுகிறதும் அவ்வளவு லேசு.

பிழைகளின் வகைகளைப் பாருங்கள். வார்டன் “அறை இல்லை” என்று சொல்லியும் அதைக் காதில் வாங்காமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் இல்லாத கதவைத் திறக்கப் பார்ப்பது ஒன்று. படிப்பு முடிந்தும் திறப்பைக் கொடுக்காமல் வீட்டுக்குப் போய்விடுவது இன்னொன்று. அறை பூட்டிக் கிடக்கும், ஒருவருக்கும் உதவாது. இதைக் ‘கசிவு’ என்கிறார்கள். மூன்றாவது, திறப்பைக் கொடுத்துவிட்டுக் கள்ளத் திறப்பு ஒன்றை வைத்திருப்பது. அந்த அறையில் இப்போது வேறு ஆள் இருக்கிறார். பழைய ஆள் நடுச்சாமத்தில் வந்து மேசையில் இருக்கிற கொப்பியில் எழுதிவிட்டுப் போகிறார். நான்காவது, ஒரே திறப்பை இரண்டு தரம் திருப்பிக் கொடுப்பது. வார்டனின் ஏட்டில் அந்த அறை இரண்டு தரம் வெறுமையாகப் பதியும்; முன்பின் தெரியாத இரண்டு பேருக்கு ஒரே அறை கிடைக்கும். ஐந்தாவது, மூன்று பேருக்கு என்று அறை எடுத்துவிட்டு முப்பது பேர் போய்ப் படுப்பது.

சாதாரண செயலி ஒன்று இந்தப் பிழைகளை விட்டால் சேதம் பெரும்பாலும் அதோடு நிற்கும். செயலி மூடப்படும்போது அது வைத்திருந்த நினைவகம் முழுவதையும் கேர்னல் பறித்து எடுத்துக்கொள்ளும். ஆனால் கேர்னலே பிழை விட்டால் பறித்தெடுக்க அதற்கு மேல் ஒருவரும் இல்லை. கசிந்த நினைவகம் கணினியை மறுபடி தொடக்கும்வரை கசிந்ததுதான். கள்ளத் திறப்பு வெளியாள் ஒருவரின் கையில் கிடைத்தால், முழுக் கணினியும் அவரின் கையில் போகலாம்.

செத்த மாட்டிறைச்சி

வார்டன் வேலை எப்படிச் செய்வது என்ற கேள்வி லினக்ஸைவிடப் பழையது. 1965இல் பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த கெனத் நோல்ற்றன் ஒரு முறையை வெளியிட்டார். பெரிய துண்டை இரண்டாக உடை; அது இன்னும் பெரிதென்றால் திரும்பவும் இரண்டாக உடை; இரட்டையர் இருவரும் வெறுமையானதும் திரும்பச் சேர்த்துவிடு. இதே முறையை 1963இலேயே ஹரி மார்கோவிட்ஸ் பயன்படுத்தினார் என்று டொனால்ட் குனூத் தன் நூலில் குறிக்கிறார். பொருளியல் படிக்கிற நண்பர்களுக்கு அந்தப் பெயர் தெரிந்திருக்கும். முதலீட்டுக் கோட்பாட்டுக்காக 1990இல் நோபல் பரிசு பெற்ற அதே மார்கோவிட்ஸ்தான். லினக்ஸ் இன்றைக்கும் பெரிய துண்டுகளை இந்த இரட்டையர் முறையில்தான் பங்கிடுகிறது.

சிறிய துண்டுகளுக்கு 1994இல் சன் மைக்ரோசிஸ்ரம்ஸ் நிறுவனத்தின் ஜெஃப் பொன்விக் வேறு வழி சொன்னார். கேர்னல் ஒரே அளவான பொருட்களைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறது. ஆகவே அளவுக்கு ஏற்ற அறைகளை முன்கூட்டியே அடுக்கி வைத்திருக்கலாம் என்றார். ‘ஸ்லாப்’ என்று பெயர் பெற்ற இந்த யோசனை சில வருசங்களில் லினக்ஸுக்கும் வந்தது.

எங்களுக்குப் பிடித்தது அதே கட்டுரையில் அவர் பிழை பிடிப்பது பற்றிச் சொன்ன பகுதி. திருப்பிக் கொடுத்த அறையைச் சும்மா விடாமல், சோதனைக் காலத்தில் அதற்குள் ஒரு அடையாள எண்ணை நிரப்பி வைக்கலாம். பதினாறடிமான எண்களில் ஏ முதல் எஃப் வரையான எழுத்துகளும் வரும் என்பதால் அவர்கள் நிரப்பின எண் ஆங்கிலத்தில் ‘டெட் பீஃப்’ என்று வாசிபடும், செத்த மாட்டிறைச்சி. அடுத்த ஆளுக்கு அறையைக் கொடுக்க முன்னம் திறந்து பார்க்கும்போது இந்த எண் அழிந்திருந்தால் கள்ளத் திறப்போடு எவரோ வந்து போயிருக்கிறார். வாசற்படியில் மாவைத் தூவிவைத்துக் காலடி பார்க்கிற அதே வேலைதான்.

ஒன்றைக் கவனியுங்கள். நல்ல நிரலாளர் பிழை விடமாட்டார் என்று பொன்விக் நினைக்கவில்லை. பிழை வரும், வந்தால் தடயம் விடட்டும் என்றுதான் நினைத்தார். இந்த வரலாறு முழுக்க இந்த இரண்டு மனநிலைகளும் மல்லுக்கட்டிக்கொண்டே வருகின்றன.

துப்புரவாளர்கள்

1991இல் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த டோர்வால்ட்ஸ் லினக்ஸை வெளியிட்டபோது அவருக்கு 21 வயது. கிட்டத்தட்ட எங்கட வயசு. பத்து வருசத்துக்குள் அது உலகம் முழுக்க ஆயிரக்கணக்கானோர் எழுதுகிற நிரலாக வளர்ந்துவிட்டது. அச்சுப்பொறிக்கு ஒருவர், வலையட்டைக்கு ஒருவர், ஒலியட்டைக்கு ஒருவர் எண்டு ஆளுக்கொரு பக்கம் எழுதினார்கள். இப்படி ஒரு சாதனத்தை ஓட்டுகிற நிரலைச் சாரதி நிரல் என்பார்கள்.

2001இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் டோசன் எங்லரின் குழு ஒரு ஆய்வு வெளியிட்டது. மனிதக் கண்ணால் அல்லாமல், பிழைகளைத் தேடித்தரும் ஒரு கருவியால் லினக்ஸின் ஏழு வருச வெளியீடுகளை அவர்கள் சலித்துப் பார்த்தார்கள். தேடின பிழைகளில் நாங்கள் மேலே சொன்னவையும் இருந்தன: கிடைத்ததா என்று பாராமல் பயன்படுத்துவது, திருப்பிக் கொடுத்த பிறகு தொடுவது, தேவைக்குக் குறைவாகக் கேட்பது. முடிவுகளில் இரண்டை மட்டும் சொல்கிறோம். சாரதி நிரல்களில் பிழை வீதம் கேர்னலின் மற்றப் பகுதிகளைவிட மூன்று முதல் ஏழு மடங்குவரை கூடவாக இருந்தது. ஒரு பிழை திருத்தப்படும்வரை சராசரியாக 1.8 வருசம் உயிரோடு இருந்தது.

ஏன் அங்கே இவ்வளவு? எங்களுக்கு விளங்கினவரை காரணம் இதுதான். ஒரு சாரதி நிரல் தொடங்கும்போது ஒரு அறை கேட்கும், பிறகு இரண்டாவது, பிறகு மூன்றாவது. மூன்றாவது கிடைக்காவிட்டால் முதல் இரண்டையும் தலைகீழ் வரிசையில் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியேறவேண்டும். அந்த வெளியேறும் பாதையை எழுதுகிறவர்கள் உண்டு. அதிலே நடந்து பார்க்கிறவர்கள் இல்லை. ஏனென்றால் எழுதினவரின் மேசையில் இருக்கிற கணினியில் மூன்றாவது அறை எப்பவும் கிடைக்கும். ‘இல்லை’ என்ற பதில் வருகிற நாளுக்காக எழுதின வரிகள், அந்த நாள் வரும்வரை சோதிக்கப்படாமலே கிடக்கும். நெருப்புக்கு ஓடுகிற வாசலை மரக்கதிரை அடுக்கி மறைத்துவைத்த மண்டபங்களை நாங்கள் எல்லோரும் கண்டிருக்கிறோம். அதே மாதிரித்தான்.

இந்தக் காலத்தில்தான், 2000ஆம் ஆண்டளவில், லினக்ஸ் ஆட்களுக்குள் ‘கேர்னல் துப்புரவாளர்கள்’ என்று பெயர் வைத்துக்கொண்டு ஒரு முயற்சி தொடங்கியது. புதிதாக எதையும் கட்டாமல் இருப்பதைச் சுத்தப்படுத்துவது மட்டுமே வேலை. ‘அறை இல்லை’ என்ற பதிலைப் பாராமல் விட்ட இடங்களைத் தேடுவது, வெளியேறும் பாதையில் மறந்துபோன திறப்புகளைத் திருப்பிக் கொடுப்பது இப்படியானவை. தேவையில்லாத பயத்தை எடுத்துவிடுவதும் அதில் அடங்கும். உதாரணமாக, ‘கே-ஃப்ரீ’க்கு வெறுமையைக் கொடுத்தால் அது ஒன்றும் செய்யாது; ஆகவே கொடுக்க முன்னம் வெறுமையா என்று பார்க்கத் தேவையில்லை. அப்படிப் பார்த்த வரிகளை எடுத்தெறிகிற திருத்தங்கள் பதிவேட்டில் ஏராளம். இந்த வேலை புதிதாக வருகிறவர்களுக்கு நுழைவாயிலாகவும் இருந்தது. பெயர் தெரியாத ஒரு மாணவர் இரண்டு வரி திருத்தி அனுப்பலாம். சரியென்றால் ஏறும். அவரின் பெயரும் ஏறும்.

கையால் தேடி எவ்வளவுக்கு முடியும்? இங்கேதான் ஜூலியா லோலும் சக ஆய்வாளர்களும் உருவாக்கின ‘கொக்சினெல்’ என்ற கருவி வருகிறது. பிரெஞ்சில் அந்தச் சொல்லுக்குப் பொறிவண்டு என்று பொருள். பூச்சிகளைத் தின்னும் பூச்சி. கணினியில் பிழைக்கு ஆங்கிலத்தில் பூச்சி என்றுதானே பெயர், அந்தப் பகிடிதான். ஒரு திருத்தத்தின் வடிவத்தை ஒருதரம் எழுதிக்கொடுத்தால் கேர்னல் முழுக்க அதே வடிவப் பிழை எங்கே இருந்தாலும் அது பிடித்துத் தரும். நினைவகத்தைக் கேட்டுவிட்டு அதைப் பூச்சியத்தால் நிரப்ப இன்னொரு வரி எழுதின இடங்கள் நூற்றுக்கணக்கில் இருந்தன. இரண்டையும் சேர்த்துச் செய்கிற ஒரே கட்டளையாக மாற்ற இந்தக் கருவி உதவியது. 2018 ஆகும்போது 6,000க்கும் மேற்பட்ட கேர்னல் மாற்றங்கள் கொக்சினெல்லின் உதவியோடு நடந்திருந்தன.

அதே 2018இல் கீஸ் குக் என்பவர் வேறொரு சல்லடை போட்டார். ‘இத்தனை பொருள், ஒவ்வொன்றும் இத்தனை அளவு’ என்று பெருக்கி நினைவகம் கேட்கும்போது பெருக்கத்தின் விடை எண்ணுக்குரிய இடத்துக்குள் அடங்காவிட்டால் என்னாகும்? 65,536ஐ 65,536ஆல் பெருக்கினால் 32 பிட்டுக்குள் வருகிற விடை பூச்சியம். கேட்டது மலையளவு, கிடைத்தது கையளவும் இல்லை, ஆனால் நிரல் மலையளவையும் கொட்டத் தொடங்கிவிடும். முப்பது பேர் மூன்று பேரின் அறைக்குள் போவது இப்படித்தான். கேர்னல் முழுக்க இருந்த அந்தப் பெருக்கல்களை, நிரம்பி வழிகிறதா என்று பார்த்துப் பெருக்குகிற கட்டளைகளாக அவர் மாற்றினார்.

வழுவமைதி

நன்னூல் படித்தவர்களுக்குத் தெரியும், எங்கட இலக்கணத்தில் மூன்று நிலைகள் உண்டு. வழாநிலை, வழு, வழுவமைதி. இலக்கணப்படி பிழை, ஆனால் ஒரு காரணம் பற்றி ஏற்றுக்கொள்ளப்பட்டது வழுவமைதி. பசு மாட்டை அன்பில் ‘என் அம்மை வந்தாள்’ என்பது போல. கேர்னலுக்குள்ளும் அப்படி ஒரு வழுவமைதி இருந்தது என்று 2014 டிசம்பரில் தெரியவந்தபோது, அதற்குள் வருசக்கணக்காக வேலை செய்தவர்களே திகைத்துப்போனார்கள்.

விசயம் இது. டெட்சுவோ ஹண்டா என்ற ஜப்பானிய நிரலாளர், கணினி அசையாமல் உறைந்துபோகிற ஒரு நிலையைக் காட்டினார். நினைவகம் முற்றாகத் தீர்ந்தால் லினக்ஸ் ஒரு செயலியைத் தெரிந்தெடுத்துக் கொன்று இடம் பிடிக்கும். அன்று ஒரு செயலி ஒரு பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு நினைவகத்துக்குக் காத்திருந்தது. கொல்வதற்குத் தெரிவான செயலியோ அதே பூட்டுக்குக் காத்திருந்தது. பூட்டுக் கிடைக்காமல் அதால் சாகவும் முடியவில்லை. அது சாகாமல் நினைவகம் வராது, நினைவகம் வராமல் பூட்டு விடுபடாது.

பூட்டை வைத்திருந்த செயலிக்கு ‘நினைவகம் இல்லை’ என்று சொல்லியிருந்தால் அது பூட்டை விட்டுவிட்டு வெளியேறியிருக்கும். அதற்கென வெளியேறும் பாதையும் எழுதப்பட்டிருந்தது. ஆனால் அதற்கு ‘இல்லை’ என்ற பதில் வரவேயில்லை. விசாரித்துப் பார்த்தால், எட்டுப் பக்கம்வரையான சிறிய கோரிக்கைகளுக்குக் கேர்னல் ஏறக்குறைய எப்பவுமே ‘இல்லை’ என்று சொல்வதில்லை, கிடைக்கும்வரை திரும்பத் திரும்ப முயன்றுகொண்டே இருக்கும். கோப்புமுறைமை எழுதினவர்கள் ‘இல்லை’ என்ற பதிலுக்காக வருசக்கணக்காகப் பொறுப்போடு எழுதிவைத்த வரிகள் ஒருநாளும் ஓடியிருக்கவில்லை.

அப்படியென்றால் அந்த விதியை எடுத்துவிடலாமே? அங்கேதான் சிக்கல். எடுத்துவிட்டால், ஒருநாளும் சோதிக்கப்படாத ஆயிரக்கணக்கான வெளியேறும் பாதைகள் ஒரே நாளில் திறபடும். அவற்றுக்குள் எத்தனை வழு படுத்திருக்கிறதோ! பிழையான விதிதான், ஆனால் அந்த விதியின் மேலேதான் வீடு நிற்கிறது. உடனே இடிக்கவில்லை. பதிலாக, 2016இல் மைக்கல் ஹொக்கோ சேர்த்த ஒரு பகுதி, கொல்லத் தெரிவான செயலி சாகும்வரை காத்திராமல் அதன் நினைவகத்தை முன்கூட்டியே பிடுங்கத் தொடங்கியது.

சமூக வரலாற்றில் நாங்கள் படிக்கிற நிறுவனங்கள் பலவும் இப்படித்தானே நிற்கின்றன. பிழை எண்டு எல்லோருக்கும் தெரியும், தொட்டால் என்ன இடிந்துவிழும் எண்டு ஒருவருக்கும் தெரியாது.

பத்து வருசம் படுத்திருந்த பிழை

2009இல் கட்டலின் மரினாஸ் எழுதின கசிவு தேடி லினக்ஸில் சேர்ந்தது. எவருடைய சட்டைப்பையிலும் திறப்பு இல்லாத அறைகளைத் தேடி வார்டனுக்குச் சொல்வது அதன் வேலை. 2015இல் அன்ட்ரே ரியாபினின் எழுதின ‘கேசன்’ வந்தது. நினைவகத்தின் ஒவ்வொரு எட்டு பைட்டுக்கும் ஒரு பைட் காவலாளி. இந்த இடத்தை இப்போது தொடலாமா கூடாதா என்று ஒவ்வொரு தொடுகையிலும் அது பார்க்கும். அதே காலத்தில் கூகிளில் டிமித்ரி வியூக்கொவ் ‘சிஸ்காலர்’ என்ற கருவியைத் தொடங்கினார். நல்ல பிள்ளைகள் ஒருநாளும் கேளாத விதத்தில், தாறுமாறான வரிசையில், கேர்னலிடம் இரவுபகலாகக் கேட்டுக்கொண்டே இருக்கும் கருவி அது. ஒருவரும் நடக்காத பாதைகளில் அது நடந்து பார்த்தது. காலில் முள் குத்தினால் கேசன் காட்டிக்கொடுத்தது.

2017 பெப்ரவரியில் அன்ட்ரே கொனொவலொவ் இந்தக் கருவியால் ஒரு வழுவைக் கண்டுபிடித்தார். டிசிசிபி என்ற, பெரும்பாலானோர் பெயரே கேள்விப்படாத ஒரு வலைத்தொடர்பு முறையின் நிரலில் ஒரே திறப்பு இரண்டு தரம் திருப்பிக் கொடுக்கப்பட்டது. 2006 செப்ரெம்பர் வெளியீட்டிலேயே அந்த வழு இருந்தது. அதாவது பத்து வருசத்துக்கு மேல். ஸ்டான்ஃபோர்ட் குழு சொன்ன 1.8 வருச சராசரி எங்கே, இது எங்கே! விசேட அனுமதி எதுவும் இல்லாத ஒரு செயலி, இந்த ஓட்டையால் முழுக் கணினியின் அதிகாரத்தையும் எடுக்க முடிந்தது. அதை மூடின திருத்தமோ ஒரு சில வரிகள்தான்.

ஒருவரும் பாவிக்காத பகுதி, ஆகவே ஒருவரும் பாராத பகுதி, ஆகவே பிழை நிம்மதியாக வாழ்ந்த பகுதி. பத்து வருசமும் அந்த மூல நிரல் யாரும் வாசிக்கலாம் என்று திறந்துதான் கிடந்தது. பகிரங்கமாக இருப்பதும் பார்க்கப்படுவதும் ஒன்றல்ல. இது நூலகத்தில் தூசு பிடித்துக் கிடக்கிற நூல்களுக்கும் பொருந்தும்.

திருத்தம் என்ற வேசம்

2021இல் நடந்ததுதான் எங்களை இந்தக் கட்டுரையை எழுத வைத்தது.

அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சிலர் ஒரு கேள்வி கேட்டார்கள்: திறந்த மூலத் திட்டம் ஒன்றுக்குள் வேண்டுமென்றே ஓட்டையைப் புகுத்த முடியுமா? அதற்கு 2020இல் அவர்கள் தெரிவுசெய்த வழி என்ன தெரியுமா? நினைவகத் திருத்தம்தான். வெளியேறும் பாதையில் உள்ள சின்னப் பிழையொன்றைத் திருத்துவதுபோல, வேறு பெயர்களில் மாற்றங்களை அனுப்பினார்கள். ஆனால் அந்தத் திருத்தத்தோடு கள்ளத் திறப்பும் கூடவே உள்ளே வரும். அவர்களே அதற்கு வைத்த பெயர் பாசாங்குத் திருத்தங்கள் என்று பொருள்படும்.

துப்புரவாளர்கள் இருபது வருசமாகத் திறந்துவைத்த வாசல் அது. பெயர் தெரியாத மாணவர் இரண்டு வரி அனுப்பினால் நல்லெண்ணத்தோடு வாசிப்பார்கள் என்ற நம்பிக்கைதான் சோதனைப் பொருளாகியது. சோதனைக்குள்ளானவர்களிடம் ஒருவரும் சம்மதம் கேட்கவில்லை. இது மனிதர் மீதான ஆய்வு அல்ல என்று கருதிப் பல்கலைக்கழகத்தின் ஒழுக்கநெறிக் குழுவும் விலக்களித்திருந்தது. எங்கட ஆய்வுக்கு ஒரு அம்மாவிடம் அரை மணித்தியாலம் கதை கேட்கப் போனாலும் சம்மதப் படிவத்தில் கையெழுத்து வாங்கவேண்டும். ஆனால் நிரலை வாசித்துச் சரிபார்க்கிற ஆள் மனிதராக எண்ணப்படவில்லை. அவர்களின் கண்ணில் அது ‘ஒரு முறைமை’ மட்டுமே.

2021 ஏப்ரலில் அதே பல்கலைக்கழகத்திலிருந்து பிரயோசனமில்லாத வேறு திருத்தங்களும் வரத் தொடங்க, கேர்னலின் மூத்த பராமரிப்பாளர்களில் ஒருவரான கிரெக் குரோவா-ஹார்ட்மன் பொறுமை இழந்தார். அந்தப் பல்கலைக்கழகத்தின் பங்களிப்புகள் நிறுத்தப்பட்டன. ஆய்வாளர்கள் மன்னிப்புக் கேட்டார்கள், மாநாடு ஒன்றுக்கு ஏற்கப்பட்டிருந்த கட்டுரையை மீளப் பெற்றார்கள். பாசாங்குத் திருத்தங்களில் பிழையானவை எவையும் கேர்னலுக்குள் போகவில்லை, ஒன்றில் பிடிபட்டன அல்லது கவனிக்கப்படாமல் விடப்பட்டன.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. அந்தப் பல்கலைக்கழகத்திலிருந்து முந்தைய வருசங்களில் வந்த 400க்கும் மேற்பட்ட மாற்றங்களையும் பராமரிப்பாளர்களும் தொண்டர்களும் ஒவ்வொன்றாகத் திரும்ப வாசிக்கவேண்டி வந்தது. பெரும்பாலானவை சரியான, நேர்மையான திருத்தங்களாகவே இருந்தன. அவற்றை எழுதின மாணவர்கள் ஒரு பிழையும் செய்யாமல் சந்தேகத்துக்குள்ளானார்கள். எத்தனை மணித்தியாலம் போயிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். நினைவகம் கசிவதைக் கருவி பிடிக்கும். நம்பிக்கை கசிவதைப் பிடிக்க இப்படி மனிதர்கள் இருந்து வாசிக்கத்தான் வேண்டும்.

‘இல்லை’ என்று கேட்கத் தெரிவது

அதே 2021 ஏப்ரலில் இன்னொரு விவாதமும் நடந்தது. நினைவக வழுக்கள் பலவற்றை மொழியின் விதிகளாலேயே தடுக்கிற ‘ரஸ்ட்’ என்ற மொழியைக் கேர்னலுக்குள் அனுமதிக்கலாமா என்பது அது. இதன் தேவை விளங்க ஒரு எண் போதும்: தங்கள் மென்பொருட்களில் வருசாவருசம் திருத்தப்படும் பாதுகாப்பு ஓட்டைகளில் ஏறக்குறைய 70 வீதம் நினைவகப் பிழைகள் என்று மைக்ரோசொஃப்ட் 2019இல் சொன்னது. ரஸ்டில் கள்ளத் திறப்பு வைத்திருந்தால் நிரல் உருவாகவே மாட்டாது.

ஆனால் டோர்வால்ட்ஸ் ஒரு இடத்தில் மறுத்துநின்றார். ரஸ்டின் வழமையான நூலகம், நினைவகம் கிடைக்காவிட்டால் எல்லாவற்றையும் அப்படியே நிறுத்திவிடும். சாதாரண செயலிக்கு அது பரவாயில்லை. ஒரு சாரதி நிரலுக்கு அறை கிடைக்கவில்லை என்பதற்காக முழுக் கணினியும் விழுந்துவிடக் கூடாது. ‘இல்லை’ என்ற பதிலைக் கேட்டு, ஒழுங்காகத் திருப்பிக் கொடுத்து, அமைதியாக வெளியேறத் தெரியவேண்டும். அதற்கேற்ற மாதிரி ஒதுக்கீட்டு முறையை மாற்றின பிறகுதான் 2022 டிசம்பரில் வந்த 6.1 வெளியீட்டில் ரஸ்ட் உள்ளே வந்தது. அதுவும் எல்லாவற்றையும் தீர்க்காது. திறப்பைக் கொடுக்க மறந்துபோகிற கசிவை ரஸ்ட் தன் விதிகளின்படி பிழையாகக் கருதுவதேயில்லை. பழைய மொழியில் எழுதின கோடிக்கணக்கான வரிகளும் அங்கேயே இருக்கின்றன.

நோல்ற்றன், பொன்விக், டோர்வால்ட்ஸ் இவர்களின் பெயர் பாடநூலில் வரும், வரவும் வேண்டும். ஆனால் 1965 தொடக்கம் இன்றுவரை நடந்ததை ஒருக்கால் திரும்பிப் பார்த்தால், அதில் பெரும்பங்கு மூன்றாவது அறை கிடைக்காதபோது முதல் இரண்டு திறப்பையும் மறக்காமல் திருப்பிக் கொடுக்கிற வரியைச் சேர்த்தவர்களின் வேலை. அவர்களில் பலர் மாணவர்கள். சிலர் ஒரேயொரு தரம் வந்து இரண்டு வரி திருத்திவிட்டுப் போனவர்கள்.

உங்கட போனில் அடுத்த தரம் ‘வழுத் திருத்தங்கள்’ என்று மட்டும் சொல்லி ஒரு அப்டேட் வரும். ‘பிறகு பார்ப்பம்’ எண்டு தள்ளிவிடாதேயுங்கோ. அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரு ஏடு இருக்கிறது, அதில் பெயர்கள் இருக்கின்றன. அவற்றில் சில திருத்துகிற பிழைக்கு 2005 ஏப்ரல் 16 என்றுதான் திகதி போட்டிருக்கும். எப்ப வந்தது எண்டு தெரியாத பிழையையும் எவரோ ஒருவர் இருந்து திருத்தியிருக்கிறார்.